அரைக் கட்டை

இசைக் கல்லூரியில் அவளுக்குப் பெயர் கைத்தாங்கல். யார் வைத்த பெயர் என்று கேட்டால் ஆளுக்கொருவரைக் கைகாட்டுவார்கள். மற்றவர்கள் பாட, கூடவே பியானோ வாசிப்பது அவள் வேலை. முப்பது வருடமாக அதே ஏழாம் எண் அறை, சுவரோரம் ஒரு பியானோ, ஒரு கால் குட்டையான ஸ்டூல், அந்தக் காலுக்கு அடியில் நாலாக மடித்த அட்டை. பரீட்சைக்கோ கச்சேரிக்கோ பாடப் போகிறவர்கள் அரை மணிக்கு ஒருவராக வந்து பாடிப் பார்த்துவிட்டுப் போவார்கள். மேடையில் கைதட்டல் எழும்போது பாடியவர் பெருந்தன்மையாக இவள் பக்கம் கையை நீட்டுவார். இவள் பாதி எழுந்து பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். எவ்வளவு அடக்கம் என்று ஊரார் மெச்சிக்கொள்வார்கள். அடக்கமாவது ஒன்றாவது, முழங்கால் வலி.

அவள் கெட்டிக்காரத்தனமெல்லாம் மறைப்பதில்தான். பாடுகிறவன் பதற்றத்தில் இரண்டு வரியைத் தாவிவிட்டால், அவன் மூச்சு வாங்கும் முன்பே இவளும் தாவி அங்கே போய் நிற்பாள். மூச்சு தீரப் போகிறதென்றால் கொஞ்சம் விரைவாள். மேல் ஸ்வரம் ஆட்டம் கண்டால் இடது கையைக் கனமாக விரித்துக் கேட்பவர்களின் காதை அந்தப் பக்கம் இழுத்துப் போய்விடுவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. இவள் தோட்டத்தையே மறைப்பாள்.

எல்லாவற்றிலும் பெரிய வித்தை, இறக்குவது. ஒரு பாட்டு ஒன்றரைக் கட்டைச் சுருதியில் எழுதியிருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்டை அந்த உயரத்துக்கு எட்டவில்லை என்றால் முழுப் பாட்டையும் ஒரு கட்டைக்கு இறக்கி வாசிக்கலாம். மற்றவர்கள் அதை உட்கார்ந்து புதிதாக எழுதிக்கொள்ள வேண்டும். இவளுக்கு வேண்டாம், கண் ஒன்றைப் படிக்கும், விரல் அரைக் கட்டை தள்ளி வேறொன்றை வாசிக்கும். அவள் புருஷன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். "நான் ஜனங்களை மேல ஏத்துறேன், நீ கீழ இறக்குறே" என்பான். இருபத்தாறு வருடமாக இதே ஜோக். தினமும் சாயங்காலம் அவள் கதவைத் திறக்கும்போது, "இன்னிக்கு ஏத்தினியா, இறக்கினியா?" என்றுதான் கேட்பான்.

இதில் அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பாடுகிறவர்களிடம் சொல்லாமல் இறக்கிவிடுவாள். சொன்னால் மனம் விட்டுப்போகும். சொல்லாவிட்டால் பாடி முடித்து, "இன்னிக்கு மேல் ஸ்வரம் எவ்வளவு சுலபமா வந்துச்சு பாத்தீங்களா" என்று முகம் மலர்ந்து போவார்கள். அந்த மலர்ச்சியைத் தான் கொடுத்த தர்மம் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பொய் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

பழக்கம் கல்லூரியில் தொடங்கியதல்ல. அவளுக்கு ஏழு வயது இளைய தங்கை ஒருத்தி. அம்மா ஆஸ்பத்திரிச் சலவை அறையில் ஷிஃப்ட் வேலை பார்த்ததால் தங்கைக்குத் தலை சீவியது, சோறு ஊட்டியது, தெரு தாண்டக் கற்றுக்கொடுத்தது எல்லாம் இவள்தான். அந்தக் குழந்தை நடை பழகியபோது தடுமாறுவதற்கு முன்பே இவள் கை நீண்டுவிடும். அம்மா ஒருநாள் பொறுக்க மாட்டாமல் சொன்னாள்: "விடுடி. ஒரு தடவையாவது விழட்டும்." இவள் விடவில்லை.

தங்கை வளர்ந்து பாடகியானாள். பெரிய பாடகி இல்லை. நகரத்து இசைநாடக அரங்கின் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை, இடமிருந்து மூன்றாம் ஆள். பதினொரு வருடமாக அதே இடம். நாடகத்தில் ராணி செத்தால் அழுகிற கூட்டத்தில் நிற்பாள். ராணிக்குக் கல்யாணம் என்றால் பூத்தூவுகிற கூட்டத்தில் நிற்பாள். அந்த இடத்தைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. சம்பந்தம் பேச வந்தவர்களிடம்கூட, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருக்க மாட்டேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுவாள். அவர்களும் வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

போன வருடம் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. கெட்ட கட்டி இல்லை, ஆனாலும் அறுத்து எடுத்தார்கள். நான்கு மாதம் பேச்சே கரகரத்தது. பிறகு பேச்சு வந்தது, அப்புறம் பாட்டு மெல்ல மெல்ல வந்தது. அதற்குள் ஏழு மாதம் ஓடிவிட்டது. அரங்கத்தில் ஒரு விதி உண்டு: ஆறு மாதத்துக்கு மேல் விடுப்பில் போனவர்கள் மூன்று பேர் கொண்ட குழுவுக்கு முன்னால் ஒரு பாட்டுப் பாடிக் காட்டித்தான் திரும்ப வர வேண்டும். அதுவும் எழுதியுள்ளபடி, எழுதியுள்ள சுருதியில். தேறாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போகும். தங்கைக்கு உடை அறையில் வேலை. பதினொரு வருடம் போட்டு நடித்த பாவாடைகளை இனி இஸ்திரி போட வேண்டியதுதான்.

பாட்டை அவளே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சுலபமானது ஆயிரம் இருக்க, பிடிவாதக்காரி பிரெஞ்சுப் பாட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். "இதைப் பாடித்தான் உள்ள போனேன். இதையே பாடி உள்ள வர்றேன்" என்றாள்.

அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான்கு நிமிடம்கூட வராது. மழை விட்ட அந்தி, ஆற்றோரம் ஒரு ஜன்னல், படகு விளக்குகள் தண்ணீரில் கரைகின்றன. ஜன்னலில் நிற்கிற பெண், கிளம்பிப் போகிற ஒருவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கவிதையில் அவ்வளவுதான் நடக்கிறது. தங்கை ஒவ்வொரு பிரெஞ்சு வரிக்கும் கீழே பென்சிலால் பொருள் எழுதி வைத்திருந்தாள். பியானோ தண்ணீராக அலைந்துகொண்டே இருக்கும், எந்த ஸ்வரத்திலும் காலூன்றி நிற்காது. குரல் அதன்மேல் கிட்டத்தட்டப் பேசுவது போலப் போகும். கடைசியில் அந்தப் பெண் ஒரே ஒரு சொல் சொல்கிறாள்: "நில்." அந்த இடத்தில் பியானோ நின்றுவிடும். தாழ்ந்த ஸ்வரத்தில் தொடங்கி, மூச்சு விடாமல் உச்சிக்கு ஏறி, அங்கே உரக்கக் கத்தாமல் பஞ்சு போல நிறுத்த வேண்டும். எட்டு எண்ணும் நேரம் குரல் மட்டும்தான். எட்டு முடிந்ததும் பியானோ அடியில் வந்து தாங்கிக்கொள்ளும்.

அந்த எட்டு எண்ணும் நேரத்தில் கைத்தாங்கலால் ஒன்றும் செய்ய முடியாது. விரையவும் முடியாது, இடது கையைக் கனமாக்கவும் முடியாது. அவளுக்குத் தெரிந்த பாட்டுகளிலேயே அவள் பயந்த பாட்டு அது ஒன்றுதான்.

அதனால்தான் பதினொரு வருடத்துக்கு முன்பு, தங்கை முதல்முதலாகப் பாடப் போன அன்று, அவள் அதை அரைக் கட்டை இறக்கி வாசித்தாள். அன்று தங்கைக்கு லேசான ஜலதோஷம். அப்போதிருந்த தேர்வுக் குழுத் தலைவருக்குக் காது மந்தம். யாருக்கும் தெரியவில்லை. தங்கைக்கும் தெரியாது. பஞ்சு போல நின்ற அந்த ஸ்வரத்துக்காகவே தன்னை எடுத்துக்கொண்டார்கள் என்று பதினொரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கும்போதெல்லாம் அக்கா தலையாட்டுவாள். உண்மை தெரிந்த இன்னொரு ஜீவன் லிஃப்ட்காரன் மட்டும்தான்.

இப்போது ஏழாம் எண் அறையில் பத்து நாள் ஒத்திகை. எழுதியுள்ளபடியே வாசித்தாள். பதினான்கு தடவை பாடியதில் உச்சி ஸ்வரம் ஐந்து தடவை வந்தது, ஒன்பது தடவை கிழிந்தது. கிழியும்போதெல்லாம் தங்கை, தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இசைக்கவை ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, முழங்காலில் தட்டிக் காதில் வைத்துக்கொள்வாள். குரல் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா தந்தது அது. தினமும் காலையில் குளியலறையில் அதை வைத்துத்தான் ஒவ்வொரு ஸ்வரமாகத் தேடிப் பிடித்தேன் என்று சொல்லியிருந்தாள். வைத்தியத்துக்கான பொருள், மாத்திரை மாதிரி என்று அக்கா அதை லட்சியம் பண்ணவில்லை.

பாட வேண்டிய நாள் காலை பஸ்ஸில் இருவருக்கும் சேர்ந்து உட்கார இடம் கிடைக்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த தங்கையின் கழுத்தை அக்கா பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். ஸ்கார்ஃபுக்கு மேலே தழும்பின் ஒரு நுனி தெரிந்தது. ஐந்துக்கு ஒன்பது என்ற கணக்கு தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று பேரில் யாருக்கும் பாம்புக் காது இல்லை என்று ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். மாட்டிக்கொண்டால் ஏமாற்று வேலை என்று தங்கையின் பெயர்தான் கெடும், உடை அறை வேலைகூடக் கிடைக்காது. அதுவும் தெரியும். ஆனாலும் அரங்க நிறுத்தத்தில் இறங்கும்போது அவள் முடிவு செய்துவிட்டாள். அந்த நொடியில் அவளை யாராவது பிடித்து நிறுத்திக் கேட்டிருந்தால், அன்பு என்றுதான் பதில் சொல்லியிருப்பாள்.

ஒத்திகைக் கூடம் பெரியது. மரத்தரை, உயரமான ஜன்னல்கள், நடுவில் கறுப்புப் பியானோ, எட்டடி தள்ளி ஒரு நீள மேசை. மேசைக்குப் பின்னால் குழுத் தலைவி, கையில் பென்சில். இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள். ஒருவர் தும்மிக்கொண்டிருந்தார். தலைவி, பாட்டின் பெயரைக் கேட்டுத் தன் பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டாள். தங்கை பியானோவின் வளைவில் போய் நின்று அக்காவுக்கு முதுகைக் காட்டினாள்.

அக்கா வாசிக்கத் தொடங்கினாள். பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளில் ஓட வேண்டிய பாட்டு வெள்ளைக் கட்டைகளில் ஓடியது. தண்ணீர் அதே தண்ணீர்தான். மேசையில் யாரும் நிமிரவில்லை. தும்முகிறவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தங்கை முதல் வரியைப் பாடினாள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

கூடத்தில் பியானோவின் எதிரொலி மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. தலைவி பென்சிலை வைத்துவிட்டு, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள். தங்கை ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது.

"மன்னிக்கணும் மேடம். என் தப்புதான். தப்பா எடுத்துட்டேன்" என்றாள் தங்கை.

மறுபடி ஒரே ஒரு வாய்ப்புத்தான் தர முடியும், நடுவில் நிறுத்தினால் அத்தோடு சரி என்று தலைவி எச்சரித்தாள். அதில் கடுமை இல்லை, விதி அப்படி. தங்கை தண்ணீர் குடிக்கிற சாக்கில் பியானோவின் ஓரத்தில் வைத்திருந்த பாட்டிலை எடுக்க வந்தாள். குனிந்தபோது அவள் முகம் அக்காவின் முகத்துக்கு ஒரு ஜாண் தூரத்தில் இருந்தது.

"எழுதியிருக்கிறதை வாசிக்கா," என்றாள், உதடு அசையாமல். "விழுந்தா நான்தானே விழறேன்."

அக்காவுக்குக் கோபம் வந்தது. பயத்தில் வருகிற கோபம். இத்தனை வருடம் தாங்கியவளை வேண்டாம் என்கிறாளே என்று வந்தது. உன் நல்லதுக்குத்தானே என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு கையைக் கறுப்புக் கட்டைகளுக்கு நகர்த்தினாள். அரைக் கட்டை என்பது ஒரு விரல் அகலம்கூட இல்லை.

இரண்டாவது தடவை குரல் முதலில் சற்று உலர்ந்தே இருந்தது. படகு விளக்குகள் வருகிற வரியில் பதம் வந்தது. அக்கா பழக்கதோஷத்தில் ஒவ்வொரு மூச்சையும் முன்கூட்டியே எண்ணினாள். இங்கே எடுப்பாள், இங்கே விடுவாள், இங்கே கொஞ்சம் மிச்சம் வைப்பாள். பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்தின் உச்சியில் அந்தச் சொல் காத்திருந்தது.

அவளிடம் கடைசியாக ஒரு வழி இருந்தது. பியானோவின் மிதியை வலது காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டால் கை எடுத்த பிறகும் கம்பிகள் முனகிக்கொண்டே இருக்கும். குரல் கிழிந்தாலும் அந்த முனகலில் பாதி மறைந்துவிடும். பாட்டெழுதியவர் அங்கே காலை எடு என்று குறியிட்டிருக்கிறார். பதினொரு வருடத்துக்கு முன்பு அவள் அதையும் எடுக்கவில்லை.

இன்று எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று பிற்பாடு அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. கால் எழுந்தது, கம்பிகள் அடங்கின.

தங்கை தொடங்கினாள். ஒன்று, இரண்டு. தாழ்ந்த ஸ்வரம் சரியாக இருந்தது. மூன்று, நான்கு, ஏறுகிறாள். ஐந்தில் வெறும் காற்றுதான் வந்தது. ஸ்வரம் இல்லை, காற்று. அக்காவின் இரண்டு கைகளும் தாமாகவே கட்டைகளுக்கு மேல் எழுந்து, தொடாமல் அந்தரத்தில் நின்றன. தரையில் விழப் போகிற குழந்தையைப் பிடிக்கிற கைகள் அவை. ஆறில் அந்தக் காற்றுக்குள்ளிருந்து நூல் மாதிரி ஒன்று வெளியே வந்தது. பஞ்சு இல்லை. பழைய குரலும் இல்லை. அதில் ஒரு சொரசொரப்பு இருந்தது. ஆனால் இருக்க வேண்டிய இடத்தில், மயிரிழை பிசகாமல் இருந்தது. "நில்" என்று சொல்லிக்கொண்டு அதுவும் நின்றது.

அந்தக் குரலை அக்கா கேட்டாள். முப்பது வருடத்தில் எத்தனையோ தொண்டைகளுக்கு வாசித்தவள், யார் பாட்டையும் அவள் இப்படிக் கேட்டதில்லை. அடுத்து எங்கே தவறும் என்றுதான் கேட்டிருக்கிறாள். ஏழு வந்தது. எட்டு வந்தது. யானைக்கும் அடி சறுக்கும். எட்டு முடிந்து பியானோ உள்ளே வந்திருக்க வேண்டும். கைத்தாங்கல் வரவில்லை. ஒன்பது. தங்கை பிடித்துக்கொண்டே நிற்கிறாள். பத்து. அப்போதுதான் சுருக்கென்று உறைத்து, பதறிப்போய்க் கையை இறக்கினாள். தாமதமாக வந்த அந்த ஸ்வரங்கள் குரலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. தலைவி பென்சிலை எடுத்து ஏதோ குறித்தாள்.

வெளியே தாழ்வாரத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். நீளமான பெஞ்சு, எதிர்ச் சுவரில் தீயணைப்புக் கருவி. அக்கா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள், தாமதமாக வந்ததற்காக. தங்கை அதைக் காதில் வாங்கவில்லை. ஸ்கார்ஃபை அவிழ்த்து மடித்துக்கொண்டே கேட்டாள்.

"முதல் தடவை நீ ஆரம்பிச்சப்போ, தொண்டை சொல்லிச்சு இது அந்த இடம் இல்லைன்னு. ஆனா பழகின இடமா இருந்துச்சு. நான் உள்ள வந்த அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அன்னைக்கும் இறக்கினியாக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதைவிடப் பெரிய பொய்களையெல்லாம் விரலால் சொன்னவள். தங்கைக்கு மிச்சமிருக்கிற ஒரே பெருமை அது என்றும் தெரியும். ஆனால் சற்று முன்பு கேட்ட அந்தச் சொரசொரப்பு இன்னும் காதில் இருந்தது. அதைக் கேட்டபின் பொய் சொல்ல நா எழவில்லை.

"ஆமா," என்றாள்.

தங்கை எழுந்து பெஞ்சின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தாள். இருபது நிமிடம் கழிந்தது. உள்ளேயிருந்து தும்மல் சத்தம் இரண்டு தடவை வந்தது. அக்கா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடை அறையில் தங்கை இஸ்திரிப் பெட்டியோடு நிற்பதுபோல் நினைத்துப் பார்த்தாள். அவளுடைய பதினொரு வருடத்தையும் அக்கா ஒரே வார்த்தையில் பிடுங்கிவிட்டாள். இனி வரப்போகிற வருடங்களும் போய்விட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன மிஞ்சும் என்று நினைத்தபோது அழுகை முட்டியது. அழவில்லை.

கதவு திறந்தது. தலைவியே வந்தாள், பிரதியும் பென்சிலும் கையில் அப்படியே இருந்தன. இருவரும் எழுந்து நின்றார்கள். அக்கா இந்தத் தடவை முழுதாகவே எழுந்தாள்.

"குரல் மாறியிருக்கு, அது உங்களுக்கே தெரியும்," என்றாள் தலைவி தங்கையிடம். "அந்தக் கடைசி இடத்துல பியானோ ரெண்டு எண்ணிக்கை லேட்டா வந்துச்சு. அதுவரைக்கும் நீங்க அசையல. எங்களுக்கு அதுக்கு மேல என்ன வேணும்? திங்கட்கிழமை ஒத்திகைக்கு வந்துடுங்க."

பிறகு அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த தடவை பாட்டுக்குள் நேரத்துக்கு வரத் தெரிந்த வேறு யாரையாவது வாசிக்கக் கூட்டி வரலாமே என்று தங்கைக்கு யோசனை சொல்லிவிட்டுப் போனாள். முப்பது வருடத்தில் கைத்தாங்கலை யாரும் அப்படிச் சொன்னதில்லை. தங்கை கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ இன்னிக்குத்தான்க்கா நான் உள்ள வந்திருக்கேன்," என்றாள்.

அவள் சிரித்தாளா, அழுதாளா என்பதைப் பக்கத்தில் நின்ற அக்காவாலேயே சொல்ல முடியவில்லை. கொஞ்சம் தனியாக நடந்து போகிறேன், பின்னால் வராதே என்று சொல்லிவிட்டுத் தங்கை பின்பக்கப் படிக்கட்டு வழியாக இறங்கினாள். மங்கலான படிக்கட்டு, ஒரு பக்கம் கைப்பிடி கிடையாது. அக்கா மேல்படியில் நின்று, அவள் காலடிச் சத்தம் கடைசிப் படி வரை போய்த் தெருக்கதவு சாத்திக்கொள்வதைக் கேட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது புருஷன் கிரீஸ் படிந்த கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். தங்கைக்கு இடம் கிடைத்துவிட்டதா என்பதுதான் அவன் முதல் கேள்வி. கிடைத்துவிட்டது என்றாள். அவன் முகம் விரிந்தது; உடனே வழக்கமான ஜோக்குக்குப் போய்விட்டான்.

"ஏத்தினியா, இறக்கினியா?"

அவள் பாட்டுப் புத்தகத்தை அலமாரியில் வைத்தாள்.

"ரெண்டும் இல்லைங்க," என்றாள். "சும்மா இருந்தேன்."